ஒரு தொண்டு நிறுவனம் உண்மையிலேயே சமூகத்துக்கு நல்லது செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நன்கொடை கேட்டு வரும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. எல்லா அறிக்கையிலும் 'பயனாளிகள் இத்தனை பேர்' என்று பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. எத்தனை பேருக்கு அந்த உதவி தேவைப்பட்டது, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கிராமங்களில் இலவச முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். முகாமில் கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் முகாம் நடந்த ஊர்களில் வராதவர்களையும் சேர்த்து விசாரித்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. கண்ணில் கோளாறு இருந்தவர்களில் வந்தது சுமார் 7 சதவீதம்தான்! பயம், வீட்டுப் பொறுப்பு, 'இருக்கிற பார்வையே போதும், சமாளிச்சுக்கிறேன்' என்று மற்றவர்களுக்கு ஆயிரம் காரணம். ஒரு பாட்டியோடு துணைக்குப் போக மகன் அன்றைய கூலியை விட வேண்டும். முகாம் இலவசம்தான், ஆனால் அந்த வீட்டுக்குச் செலவு இருக்கிறது.

எனக்கு அரவிந்த் மீது மரியாதை கூடியது இதற்கு அப்புறம் நடந்ததால்தான். சின்ன ஊர்களிலேயே நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, அங்கிருந்தே வீடியோ மூலம் டாக்டரோடு பேசும் வசதி செய்தார்கள். இன்று அவை நூறைத் தாண்டிவிட்டன.

அடுத்து, அந்த நிறுவனமோ திட்டமோ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், பிள்ளைகள் விட்ட படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். தன்னார்வலர்களை வைத்து அரசு மாலையில் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால்தான் எல்லாம் என்று சொல்லியிருந்தால் பலரும் நம்பியிருப்போம். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரித்துக் கணக்கிட்டபோது, மீண்டதில் சுமார் 24 சதவீதம்தான் அந்த மாலை வகுப்புகளால் வந்தது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்து நடத்திய திட்டத்துக்கு அது மிகப் பெரிய பலன் என்பேன். 24 என்று நேர்மையாகச் சொன்னதால் அதை இன்னும் அதிகமாக நம்புகிறேன்.

தரத்தையும் விடக் கூடாது. கண்புரை ஆபரேஷன் என்றால், 100 கண்களில் குறைந்தது 80-க்காவது நல்ல பார்வை வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே அளவு வைத்திருக்கிறது. எத்தனை ஆபரேஷன் என்று சொல்பவர்களிடம் இதையும் கேட்கலாம்.

சின்ன நிறுவனங்களுக்குப் பெரிய ஆய்வு நடத்தப் பணம் இருக்காது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர்களிடம் நான் கேட்பது, பாதியில் நின்றுபோனவர்கள் யார், ஏன் நின்றார்கள், அது தெரிந்த பிறகு எதை மாற்றினீர்கள் என்றுதான். களத்தில் இறங்கி வேலை பார்ப்பவர்கள் இதற்கு அறிக்கையைப் புரட்டாமலே பதில் சொல்வார்கள்.