வலிப்பு மாத்திரை கம்பெனி மாறினால்?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அம்மாவுக்கு ஆறு வருஷமாக கார்பமசெபின் 200, காலையும் இரவும். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து சரக்கு வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்து, "ரெண்டும் ஒரே மருந்துதான்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

மில்லிகிராமும் வகையும் ஒன்றென்றால் கொடுங்கள். கம்பெனி மாறுவதைவிட வேளை தவறுவதுதான் வலிப்பைச் சீக்கிரம் கூப்பிடும். வகை என்றேனே, அதைக் கவனியுங்கள்: பழைய அட்டையில் ‘சி.ஆர்’ என்று இருந்து புதியதில் இல்லையென்றால் புதியது மெதுவாகக் கரையும் மாத்திரை அல்ல, டாக்டருக்கு போன் போடாமல் மாற்றக் கூடாது.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. ஜெனரிக் மருந்து, அதாவது முதலில் வந்த பிராண்டின் அதே மருந்தை வேறு கம்பெனி செய்வது, ரத்தத்தில் ஏறும் அளவை மூல பிராண்டோடு ஒப்பிட்டு, பிழை வரம்பு உட்பட 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதனால் நிஜத்தில் வித்தியாசம் சின்னதுதான். சரி, சிக்கல் எங்கே? ஒவ்வொரு ஜெனரிக்கும் மூல பிராண்டோடுதான் ஒப்பிடப்படுகிறது, ஒன்றோடொன்று இல்லை. இந்தியாவில் கார்பமசெபின் மாதிரி சுலபத்தில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமானதே 2017-ல்தான். பிரிட்டனில் 2013-லேயே கார்பமசெபின், பெனிடாயின், பீனோபார்பிடால், பிரிமிடோன் நாலுக்கும் ஒரே கம்பெனியில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லெவெடிராசெட்டம் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு அந்தக் கவலை இல்லை.

சீட்டைப் பாருங்கள். ‘எச்’ பட்டியல் மருந்துக்கு, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக் கூடிய மருந்துக்கு, டாக்டர் பிராண்ட் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது அதுவேயானாலும் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்க 1945-ம் வருஷ மருந்து விதிகளில் இடமில்லை. மருந்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கம்பெனியும் கொடுக்கலாம். அப்போதும் "கம்பெனி மாறியிருக்கு" என்று சொல்வது நல்ல பார்மசிஸ்ட்டின் வேலை, சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். மாற்றிய இரண்டு மூன்று வாரம் அம்மாவுக்குப் பார்வை இரண்டாகத் தெரிகிறதா, நடை தள்ளாடுகிறதா, ரொம்பத் தூங்குகிறாரா என்று பாருங்கள். இவை மருந்து அதிகமானதன் அடையாளம். வலிப்பு வந்தால் உடனே டாக்டர்.

அப்புறம், உங்கள் ஊர் பனிமூட்டத்துக்காக ஒன்று. கார்பமசெபின் ஈரம் பட்டால் இறுகி, வயிற்றில் சரியாகக் கரையாமல், மூன்றில் ஒரு பங்கு வரை வீரியம் போய்விடலாம். கம்பெனியைத் திட்டுவதற்கு முன் மாத்திரை எங்கே இருந்தது என்று பாருங்கள். அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போட்டு குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள், வேளைக்கு ஒன்றாகவே உரியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே பதினைந்து நாள் மருந்து கூடுதலாக, அதே கம்பெனியில், வாங்கி வைத்துவிடுங்கள்.