விறகிலிருந்து கேஸுக்கு: வாசகர் கேள்வி – பதில்

விறகு அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் வைப்பது பற்றி இந்த மாதம் கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் பதில் நீளமானது. மற்ற மூவருக்கும் அதிலுள்ளதில் பாதி பொருந்தும் என்பதால் அதை முதலில் படித்துவிடுங்கள்.

வாசகி, முத்தியால்பேட்டை: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அடுப்படியில் மூன்று மண் அடுப்பு பதித்த மேடை, மேலே செங்கல் புகைக்கூண்டு, மேடைக்குக் கீழே விறகு அடுக்கும் பொந்து. மேடையின் மேல் கேஸ் அடுப்பை வைத்து, சிலிண்டரைப் பொந்துக்குள் தள்ளிவிடலாம் என்கிறார் கொத்தனார். புகைக்கூண்டை அடைத்துவிடலாமா? மாமியார் ஒரு விறகு அடுப்பையாவது விட்டுவைக்கச் சொல்கிறார்.

பதில்: பொந்துக்குள் சிலிண்டர் கூடவே கூடாது. கொத்தனார் இடவசதியைப் பார்த்துச் சொல்கிறார். கேஸின் குணம் வேறு. விறகுப் புகை சூடானது, மேலே ஏறும். அதனால்தான் பழைய அடுப்படிகளில் திறப்பெல்லாம் உச்சியில் இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையோடு பரவி, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். மூன்று பக்கம் சுவரும் தலைக்கு மேல் மேடையுமாக இருக்கும் பொந்து, கேஸ் நிரம்புவதற்கென்றே கட்டிய தொட்டி போன்றது. கூடத்தைவிட அடுப்படி ஒரு படி தாழ்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூலையில் ஜலதாரை இருந்தால் கசிந்த கேஸ் அதற்குள்ளும் இறங்கும். சிலிண்டரை அதிலிருந்து எட்ட வையுங்கள்.

சிலிண்டருக்கு இடம் மேடைக்குப் பக்கத்தில், திறந்த தரையில், நிமிர்ந்த நிலையில். பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இரண்டு துவாரம் விடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லின் நீள அகலம், அதாவது 9 அங்குலத்துக்கு 4½ அங்குலம் இருந்தால் நல்லது. அவை வெளிக்காற்றில் திறக்க வேண்டும். எலி வராமலிருக்கக் கம்பி வலை அடியுங்கள். ட்யூபைக் கடிக்கும் முதல் எதிரி எலிதான். பிறகு அந்தத் துவாரத்தின் முன்னால் அரிசி மூட்டையைச் சாய்த்துவிடாதீர்கள். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

மேடை எவ்வளவு உயரம் என்று எழுதவில்லை. உட்கார்ந்து சமைக்கும் ஒன்றரை அடி மேடை என்றால் அதை உயர்த்தித்தான் ஆக வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் இரண்டடிக்குச் சற்று மேல் நிற்கும். அடுப்பு அதைவிடத் தாழ்ந்திருந்தால் ரெகுலேட்டர் மூட்டில் கசிவது நேராக நெருப்பை நோக்கி இறங்கும். மண் அடுப்புகளைப் பெயர்த்து, சாம்பலையும் உதிரி மண்ணையும் முழுக்க வாரி, செங்கல் வைத்து உயர்த்தி, மேலே கடப்பா கல்லோ கிரானைட்டோ போடுங்கள். தரையிலிருந்து 2 அடி 8 அங்குலம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். சமைப்பவர் குள்ளமானவர் என்றால் இரண்டரை அடி போதும். அடுப்பே நான்கைந்து அங்குலம் உயரம் சேர்க்கும், அதன்மேல் குக்கர் ஏறும். கொதிக்கும் உலைக்குள் எட்டிப் பார்க்கக் கை தூக்கும்படி ஆகக் கூடாது. மண் அடுப்பை எடுக்காமல் அதன் குழியின்மேல் பலகைக் கல்லைப் போட்டு மூடுவது சிலர் செய்யும் சுருக்கு வழி. உள்ளே வெற்றிடம் தங்கும், கல்லும் நாளடைவில் விரியும்.

புகைக்கூண்டை அடைக்காதீர்கள். கேஸ் எரிந்தாலும் நீராவியும் கரியமில வாயுவும் தாளிப்பு நெடியும் உண்டு, அவை மேலேதான் போகும். ஆனால் கூண்டைச் சுத்தம் செய்த பிறகே அடுப்பை அதன் கீழ் வையுங்கள். பல வருடச் சவுக்குப் புகை உட்சுவரில் கீல் மாதிரி கறுப்பாகப் படிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது ஊறிச் செதில் செதிலாகப் பர்னர்மேலும் குழம்பிலும் விழும். மேலிருந்து கயிற்றில் கட்டிய கம்பி பிரஷால் உரசி, கீழே கோணி விரித்துக் கரியை வாங்க வேண்டும். உச்சியில் மழைத் தொப்பி இல்லையென்றால் தகரத்தில் ஒன்று மாட்டுங்கள். முத்தியால்பேட்டையில் பிற்பகல் கடல்காற்று கூண்டு வழியே கீழிறங்கினால், சிம்மில் வைத்த தீ அணைந்து கேஸ் மட்டும் வரும். அந்த நேரத்தில் ஒரு ஊதுவத்தியைப் பர்னர் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். புகை கீழ்நோக்கி அலைந்தால் அடுப்பைக் கூண்டின் நேர்க்கீழிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

மாமியாரின் விறகு அடுப்புக்குக் கொல்லையில் இடம் கொடுங்கள், சிலிண்டரிலிருந்து பத்தடியாவது தள்ளி. ஒரே அறையில் தணலும் சிலிண்டரும் இருப்பது ஆபத்து. விறகு அணைந்த பிறகும் சாம்பலுக்குள் கங்கு மணிக்கணக்கில் கிடக்கும். ராத்திரி கசிவு வந்தால் அது போதும். அவர் கேட்பது ருசிக்காகத்தான் என்று தெரிகிறது, அதை மதிக்க வேண்டும். மீன்குழம்புச் சட்டி கேஸிலும் வைக்கலாம். சின்ன பர்னர், குறைந்த தீ, முதலில் உள்ளே தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிவிட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். விறகுத் தீ சட்டியை அகலமாகத் தழுவும், பர்னர் ஒரே வட்டத்தில் குத்தும். அதனால்தான் வெறும் சட்டி விரிகிறது. அடி உருண்ட பழைய தவலை கேஸ் அடுப்பின் கால்களில் ஆடும். அதற்கு இரும்பு வளையம் வாங்குங்கள், அல்லது தட்டை அடிப் பாத்திரத்துக்கு மாறுங்கள்.

இணைக்கும்போது பார்க்க வேண்டியவை. ட்யூப், கம்பி வலை உள்ளே வைத்த ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ட்யூப்தான். நீளம் ஒன்றரை மீட்டருக்குள். அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுவருக்குள் துளைத்து ட்யூபை நுழைக்காதீர்கள், உள்ளே விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் வெளியே இருக்க வேண்டுமென்றால் ஏஜென்சியின் மெக்கானிக்கைக் கொண்டு உலோகக் குழாய்தான் போட வேண்டும். அடுப்பில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். சிலிண்டர் வந்ததும் கழுத்து வளையத்தின் பட்டையில் எழுத்தும் வருடமும் பாருங்கள். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் காலம் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மூடியைக் கழற்றியதும் வால்வின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று ஒட்டியிருக்கும். அது இல்லாவிட்டாலோ விரிசல் விட்டிருந்தாலோ ரெகுலேட்டர் மாட்டியதும் 'உஸ்' என்று இரையும். மாட்டும் முறை: குமிழ் அணைந்த நிலையில், ரெகுலேட்டரின் கறுப்புப் பட்டையை மேலே தூக்கி, வால்வின்மேல் வைத்து லேசாகத் திருகி அழுத்தி, பட்டையைக் கீழே விடுங்கள். 'டக்' என்று உட்கார வேண்டும். சோப்பு நுரையை மூட்டு, ட்யூபின் இரு முனை, அடுப்புக் குமிழ் எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறோம். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸுக்கென்று வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள்.

செலவுக் கணக்குக்கு ஒரு குறிப்பு. மண் அடுப்பில் விறகின் சூட்டில் பத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. கேஸ் அடுப்பில் 68 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது ஐஎஸ்ஐ விதி. தினம் ஐந்து கிலோ சவுக்கு எரித்த வீட்டுக்கு ஒரு சிலிண்டர் 40 நாளையொட்டி வரும். தீ நாக்கு பாத்திர அடியைத் தாண்டி விளிம்பில் நக்கினால் அதைவிடச் சீக்கிரம் தீரும்.

வாசகர், திருப்பாதிரிப்புலியூர்: குளியலறையில் செம்பு அண்டாவை விறகில் சூடாக்கி வந்தோம். அதே இடத்தில் கேஸ் கீசர் மாட்டலாமா? சமையல் சிலிண்டரிலிருந்தே டீ (குழாயை இரண்டாகப் பிரிக்கும் T வடிவ இணைப்பு) போட்டு எடுக்கலாம் என்கிறார்கள்.

பதில்: குளியலறைக்குள் மாட்டாதீர்கள். இதில் சமரசத்துக்கு இடமில்லை. கதவைச் சாத்தி, ஜன்னலையும் மூடிக் குளிக்கும்போது கீசர் அறைக் காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்று போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றுகிறது என்று உணர்ந்து தாழ்ப்பாளைத் தேடுவதற்குள் கால் மடங்கிவிடும். விறகு அண்டாவில் கண் எரிந்து வெளியே ஓடி வந்தீர்கள்; இதில் அந்த எச்சரிக்கையும் கிடையாது.

வெளிச்சுவரில், மழை படாத சார்ப்பின் கீழ் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். குளியலறை ஜன்னலுக்கு நேர்க்கீழே வேண்டாம், எரிந்த காற்று திரும்ப உள்ளே வரும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் கொடுக்கும் கீசர் முழு வேகத்தில் மணிக்கு 850 கிராமையொட்டி எரிக்கும். ஒரு அடுப்பு பர்னரைப்போல் நாலைந்து மடங்கு அது. டீ போட்டு எடுத்தால் கீசர் ஓடும்போது சமையல் அடுப்பின் தீ சுருங்கும், சிம்மில் இருந்தால் அணைந்தே போகும். தனிச் சிலிண்டர், தனி ரெகுலேட்டர் வையுங்கள். மொட்டைமாடித் தொட்டியின் அடி ஷவரைவிட ஏழெட்டு அடியாவது உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் அழுத்தத்தில் கீசர் பற்றும். கடலூர் உப்புக்காற்றில் கீசரைப் பற்றவைக்கும் பேட்டரியின் முனைகள் பச்சை பிடிக்கும். கீசர் பற்றவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அதைத் துடைத்துப் பாருங்கள். செம்பு அண்டாவை விற்றுவிடாதீர்கள், குடிதண்ணீர் ஊற்றி வைக்க நல்லது.

வாசகர், லாஸ்பேட்டை: கொடைக்கானலில் குடும்ப வீடு ஒன்று இருக்கிறது. அதில் விறகு கணப்பு. வருடத்தில் இரண்டு வாரம் போகிறோம். கேஸுக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய கணப்புக் குழிக்குள் பர்னரும் பீங்கான் கட்டைகளும் வைப்பது. பார்க்க விறகு எரிவது போலவே இருக்கும். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கியோடு போய்விடும். மற்றது, கண்ணாடி முகப்புள்ள மூடிய பெட்டியைக் குழிக்குள் செருகி, புகைபோக்கிக்குள் இரண்டு வளையும் குழாய் இறக்குவது. ஒன்று வெளிக்காற்றை உள்ளே எடுக்கும், மற்றது எரிந்த காற்றை வெளியேற்றும். அறையைச் சூடாக்க இரண்டாவதுதான் சரி.

எதுவானாலும் முதலில் புகைபோக்கியை உரசிச் சுத்தம் செய்து, உள்பூச்சில் விரிசல், பறவைக்கூடு பார்க்க வேண்டும். முதல் வகை என்றால் புகைபோக்கியின் தடுப்புத் தகடு முழுவதும் மூடிவிடாதபடி கிளிப் போட்டு நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும். தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் தெர்மோகப்பிள் வால்வு கட்டாயம். பீங்கான் கட்டைகளைக் கம்பெனி படத்தில் காட்டியபடியே அடுக்குங்கள். அழகுக்காக ஒன்றை நகர்த்தினால் தீ அதில் மோதிக் கரி கக்கும். அதன்பின் அந்தக் குழியில் ஒரு சுள்ளிகூட எரிக்கக் கூடாது. படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். புகைபோக்கி தேவையில்லை என்று விற்கும் வகையை வாங்காதீர்கள்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. லாஸ்பேட்டையில் நீலமாக எரிந்த பர்னர் அங்கே மஞ்சளாக எரியும். ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸ் வரும் நுண்துளையை, சிறிதாக்கி, அந்த உயரத்துக்குச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அடுத்தது கேஸ் கணக்கு. பெரிய கட்டை பர்னர் 17 கிலோவாட்டையொட்டி இழுக்கும், மணிக்கு 1.3 கிலோ கேஸ். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் பதினோரு மணி நேரம்கூட வராது. அவ்வளவு வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே வியர்த்து, மேலே பனி கட்டி, உள்ளே கேஸ் இருந்தும் தீ தளரும். வெளியே சில சிலிண்டர்களை இணைத்துக் குழாய் போட வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்காக இத்தனை வேலை தகாது என்பதே எங்கள் கருத்து. புகைபோக்கியைச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த விறகை எரியுங்கள். படுக்கையறைக்கு எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகி, கடலூர் தென்பெண்ணைக் கரை: 2024 டிசம்பர் வெள்ளத்தில் அடுப்படி மூழ்கி, சிலிண்டர் மிதந்தது. இப்போது பாத்திரம் கரி பிடிக்கிறது, தீ மஞ்சளாக இருக்கிறது. இனி மழைக்காலத்தில் என்ன செய்வது?

பதில்: பர்னரைக் கழற்றி, தலையின் துளைகளை ஊசியாலும், அடியில் உள்ள கலப்புக் குழாயைப் பழைய டூத்பிரஷாலும் சுத்தம் செய்து வெயிலில் காய வையுங்கள். சேறு அங்கேதான் உட்கார்ந்து காற்று நுழையும் வழியை அடைத்திருக்கும். காற்று குறைந்தால் தீ மஞ்சளாகும். ஜெட்டில் ஊசி விடாதீர்கள், துளை பெரிதானால் கரி இன்னும் கூடும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். மூழ்கிய ரெகுலேட்டரை ஏஜென்சியில் கொடுத்து மாற்றுங்கள். மேலே இருக்கும் சின்ன மூச்சுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் அழுத்தம் தாறுமாறாகும். ட்யூபையும் மாற்றுங்கள். வெள்ளத்தில் நின்ற சிலிண்டர் இன்னும் வீட்டில் இருந்தால், அடியில் துரு பார்த்துவிட்டு அதையும் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த முறை அணை திறப்பு அறிவிப்பு வந்தவுடனே ரெகுலேட்டரைக் கழற்றி உயரத்தில் வைத்து, வால்வின்மேல் மூடியை அழுத்தி மாட்டி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். நிறைந்த சிலிண்டரே தண்ணீரில் மிதக்கும். கட்டாமல் விட்டால் சுவரில் மோதி வால்வு உடையும். மூடியை அதன் நைலான் கயிற்றோடு பத்திரமாக வைத்திருங்கள்.