கேளுங்கள், சொல்கிறோம்: புதுக்கோட்டை மலைகளுக்கு நடந்தே போகலாமா?

நண்பர்கள் ஆறு பேர். மலை ஏறிப் பழக்கமில்லை, தினமும் 5 கி.மீ. நடப்போம். வரலாற்று இடங்களைத் தொட்டபடி இரண்டு நாள் நடக்க ஒரு பாதை சொல்லுங்களேன்? (திருச்சி வாசகர்)

நார்த்தாமலையில் தொடங்குங்கள். அங்கிருந்து சித்தன்னவாசல், மறுநாள் சித்தன்னவாசலிலிருந்து குடுமியான்மலை. எந்த ஊர்ப்பாதையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் 10 முதல் 13 கி.மீ. வரும். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் தார்ச்சாலையில் மணிக்கு 4 கி.மீ. நடப்பவர்கள்கூட, மலை ஏறி இறங்கி, நின்று பார்த்து, பேசிப் போனால் 2 கி.மீ.தான் போவார்கள். மூன்று இடத்தையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போடுபவர்கள் சித்தன்னவாசலை இருட்டில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்குங்கள். காலையில் பேருந்தில் போய், நடந்து, மாலையில் பேருந்தில் திரும்பலாம். முதுகில் மூட்டை இல்லாவிட்டால் பாதிக் களைப்பு இல்லை. பெரிய சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வரிசையாகச் செல்லுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். அவரைப் பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி எழும்போதுதான் வந்து சேருவார். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

நார்த்தாமலையில் மேலமலைக்கு விடிந்ததும் ஏறி, 9.30 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அங்கே விஜயாலய சோழீச்சுரம் என்னும் சிவன் கோயில் இருப்பது வெறும் பாறை. நிழல் இல்லை, செருப்பைக் கழற்றினால் கால் பொரியும். மேகம் கறுத்தாலும் இறங்கிவிடுங்கள். சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் கட்டிய இந்தக் கற்கோயில் மழையில் இடிந்து, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்று வாசலருகே கல்வெட்டே சொல்கிறது. கோயிலின் பெயரில் சோழ மன்னர், கல்வெட்டிலோ முத்தரையர் தலைவர். இந்த முரணை அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள். சதுரமான சுற்றுச்சுவருக்குள் வட்டமான கருவறை இருப்பதையும், எதிரே பாறையில் குடைந்த குகையில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்பதையும் விட்டுவிடாதீர்கள்.

சித்தன்னவாசலில் எல்லோரும் ஓவியத்தோடு திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேல் உள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகைக்கு ஏறுங்கள். பாறை விளிம்பில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துத்தான் அந்தக் காலத்தில் போயிருக்கிறார்கள், பெயரும் அதனால் வந்தது. உள்ளே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லே தலையணையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் பழையதில் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி இருக்கிறது. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்கு, இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்கிறது அது. எருமிநாட்டை இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறார், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு.

ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையும் கல்வெட்டும் ஒத்துப்போவதில்லையே. எதை எழுதிக்கொள்வது? (கரூர் வாசகி)

இரண்டையும், தனித்தனிப் பக்கத்தில். நார்த்தாமலையை நாரதர் மலை என்பார்கள். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டுகளே இந்தக் குன்றுகள், அதனால்தான் இங்கே மூலிகை மண்டிக் கிடக்கிறது என்றும் சொல்வார்கள். வணிகர்களான நகரத்தார் வாழ்ந்த ‘நகரத்தார் மலை’ என்பதே மருவியது என்பது ஆய்வாளர் கருத்து. வணிகக் குழுக்கள் இங்கே செழித்திருந்ததற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. அதனால் சஞ்சீவிக் கதை வீண் என்று ஆகாது. எந்தக் குன்றில் எந்தப் பச்சிலை பறிப்பார்கள் என்ற அறிவு அந்தக் கதையோடுதான் உயிரோடு இருக்கிறது.

குடுமியான்மலையிலும் இப்படித்தான். சாமிக்கான பூவில் முடி இருந்ததைக் கண்டு அரசன் கேட்க, இறைவனுக்கே குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்லிவிட, அவரைக் காக்க லிங்கத்தில் குடுமி தோன்றியது என்பது கதை. பழைய கல்வெட்டுகளிலோ ஊரின் பெயர் திருநலக்குன்றம். கதை, பின்னால் வந்த பெயருக்கு விளக்கம் சொல்கிறது. அந்தப் பெயர் எப்போது மாறியது என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய கேள்வி.

கேட்கும் முறையும் முக்கியம். ஆறு பேர் ஒரு பாட்டியைச் சுற்றி நின்றால் ‘எனக்கு என்னப்பா தெரியும்’ என்று முடித்துவிடுவார். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் தள்ளி நின்று டீ குடிக்கட்டும். ‘இது எந்த நூற்றாண்டு?’ என்று தொடங்காதீர்கள். ‘இந்த ஊருணிக்கு என்ன பேரு ஆத்தா? ஏன் அப்படிச் சொல்றாங்க?’ என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். நாள், ஊர், சொன்னவரின் வயது மூன்றும் பக்கத்திலேயே வேண்டும். ஒலிப்பதிவும் பெயரும் அவர் சம்மதித்தால் மட்டும்.

கல்வெட்டு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. சாக்பீஸ் தேய்த்தால் தெரியும் என்கிறான் நண்பன். (மதுரை வாசகர்)

வேண்டவே வேண்டாம். மாவோ சாக்பீஸோ கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். அதைத் துடைக்கத் துடைக்க எழுத்தின் விளிம்பும் தேயும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

டார்ச் போதும். நேராக அடித்தால் எழுத்து மறைந்துபோகும். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டின் ஒரு கரையில் நிழல் விழுந்து, வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் எழுத்து எழுந்து வரும். கேமராவை நேராக வைத்து, வெளிச்சத்தை இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து என மாற்றி மூன்று படம் எடுங்கள். ஓர் ஒளியில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும். குடுமியான்மலை இசைக் கல்வெட்டை இப்படிப் பார்ப்பது பேரனுபவம். ஏழு பண்களுக்கான சுரக் கோவைகள், வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் வரிவரியாக ஓடும், கடைசியில் மட்டும் ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று தமிழ் தலைகாட்டும். சித்தன்னவாசல் ஓவியங்களுக்கு இந்த முறை ஆகாது. அவை சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டவை. அங்கே பணியாளர் சொல்வதைக் கேட்டு, கண்ணால் மட்டும் பாருங்கள்.

காலில் கொப்புளம் வராமல் இருக்க? (சேலம் வாசகர்)

புது ஷூ கூடாது, குறைந்தது 50 கி.மீ. நடந்து பழகியதாக இருக்கட்டும். கொப்புளத்துக்குக் காரணம் ஈரமும் உராய்வும். மதியம் காலுறையை மாற்றுங்கள். ஓரிடம் ‘சுருக்’கென்று சுட்டால் அடுத்த டீக்கடை வரை பொறுக்காமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளமே வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். தலை சுற்றினால் 1 லிட்டர் தண்ணீரில் 6 தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். உப்பைக் கூட்டாதீர்கள்.

பள்ளி விடுமுறையில், மே மாதம் போகலாமா? (ஈரோடு வாசகி)

கூடாது. ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால்? (தஞ்சை வாசகர்)

கொடும்பாளூர். குடுமியான்மலையிலிருந்து 20 கி.மீ.க்கு மேல், அதனால் பேருந்தில் போய்விடுங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது, கொடும்பைக் குளக்கரையில் வழி சிவன் கைச் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரத்தில் மறையவர் ஒருவர் வழி சொல்வாரே, அந்த ஊர்தான். இருக்குவேளிர் தலைவர் பூதி விக்கிரமகேசரி எடுத்த மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். அதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். ஊருக்குள் மட்டும் நடங்கள். திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலையில் நடக்க வேண்டாம்.