வேதவாசிப்பு பிப்ரவரியில் நின்றுவிடுகிறதே, என்ன செய்ய?

கேள்வி: ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் பைபிளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறேன். பிப்ரவரிக்குள் நின்றுவிடுகிறது. வாசித்த நாட்களிலும், மூடிவைத்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகிறது. தியானக் கேள்விகள் வைத்துக்கொண்டு வாசித்தால் பழக்கம் நிலைக்கும் என்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

பதில்:

நிலைக்கும். ஆனால் என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தப்பான கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிப்ரவரி விஷயம். அது உங்கள் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வெறும் கணக்கு. நாம் வைத்திருக்கும் 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்று வீதம் இரண்டும் ஜனவரி 30-ல் முடிகின்றன. யோசேப்பின் அங்கி, பத்து வாதைகள், செங்கடல் என்று கதை ஓடுகிறவரைக்கும் நாமும் ஓடுவோம். கடைசி ஐந்தாறு நாள் ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) முழக்கணக்கிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். 31-ம் தேதி காலை லேவியராகமம். பலிமிருகத்தின் இரண்டு குண்டிக்காய்கள் (சிறுநீரகங்கள்), கல்லீரலின்மேல் இருக்கிற ஜவ்வு. அதற்குப் பின்னால் எண்ணாகமத்தின் குடும்பக் கணக்கு காத்திருக்கிறது. பிப்ரவரியில் நிற்காமல் வேறு எப்போது நிற்கும்?

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் வளர்ந்தவள். வீட்டில் தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா நடுவில் உட்கார்ந்திருப்பார், ஆளுக்கொரு வசனம் சுற்றி வரும். நாங்கள் பிள்ளைகள் என்ன செய்வோம் தெரியுமா? ஆட்களை எண்ணி, நமக்கு எந்த வசனம் வரும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மனதுக்குள் வாசித்துப் பார்த்துக்கொள்வோம், திக்கக்கூடாதே என்று. மற்ற வசனங்கள் காதில் விழாது. என் முறை முடிந்ததும் கொட்டாவி. பதினைந்து வருடம் இப்படி வாசித்தேன். பழக்கம் என்று பார்த்தால் அதைவிட உறுதியான பழக்கம் இருக்க முடியாது. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் வாசிப்பு நடந்ததா என்றால் இல்லை.

சென்னைக்கு வந்தபிறகு செயலிக்கு மாறினேன். தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று அது எண்ணிக்கை காட்டும். 143 நாள் வந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது ஒரு நாள் விட்டுப்போயிற்று, எண்ணிக்கை பூஜ்யம். கோபத்தில் இரண்டு மாதம் திறக்கவே இல்லை. அப்போதுதான் உறைத்தது, நான் வாசித்துக்கொண்டிருந்தது பைபிளை இல்லை, அந்த எண்ணை.

அப்புறம்தான் தியானக் கேள்விகளுக்கு வந்தேன். அச்சடித்த கையேடு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரே கேள்வி: "இந்தப் பகுதியிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?" சரி என்று ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். சில மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே மாதத்தில் பதினோரு நாள் "இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். தாவீது கோலியாத்தைக் கொன்றாலும் அதே பதில், பவுல் கப்பற்சேதத்தில் மாட்டினாலும் அதே பதில். ஞாயிறு பள்ளியில் எந்தக் கேள்விக்கும் "இயேசு" என்று சொன்னால் பாதி மதிப்பெண் கிடைத்துவிடும் இல்லையா, அந்தச் சாமர்த்தியம்தான். பகுதியை வாசிக்காமலே பதில் சொல்ல முடிகிற கேள்வி, கேள்வியே இல்லை.

அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் வருகிறார். இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிவந்து, வாசிக்கிறது புரிகிறதா என்று கேட்கிறார். யாராவது சொல்லித்தராவிட்டால் எப்படிப் புரியும் என்று மந்திரி ஒளிக்காமல் சொல்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து அவர் கேட்கிற கேள்வி: தீர்க்கதரிசி இதை யாரைப் பற்றிச் சொல்கிறார், தன்னைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா? "இதில் எனக்கு என்ன பாடம்" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. எழுதியிருக்கிற வரியில் விரலை வைத்துக் கேட்கிறார். அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தபிறகு கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, நானே மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

இன்று முதல் முறையாகக் கண்ணில் பட்டது என்ன? எது உறுத்துகிறது அல்லது புரியவில்லை? இதனால் இன்று ராத்திரிக்குள் யாருக்கு என்ன செய்யப்போகிறேன்?

ஒரு நாள் கதையைச் சொன்னால் புரியும். மாற்கு 4-ன் கடைசி ஏழு வசனம், புயலை அமர்த்தும் சம்பவம். எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! முதல் கேள்விக்கு எழுத ஒன்றும் இருக்காது என்றுதான் உட்கார்ந்தேன். மெதுவாக, வாய்விட்டு வாசித்தேன். 36-ம் வசனத்தில் "வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தது" என்று இருக்கிறது. வேறு படகுகளா? நான் பார்த்த ஞாயிறு பள்ளிப் படம் எதிலும் ஒரே ஒரு படகுதான். 38-ல் அவர் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். மத்தேயுவிலும் லூக்காவிலும் தூக்கம் உண்டு, தலையணை கிடையாது. (பின்னணியம் என்றால் படகின் பின்பக்கம். அணியம் முன்பக்கம். அலுவலகத்தில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.)

இரண்டாவது கேள்விக்கு எழுதியது: புயலில் சீஷர்கள் பயந்தார்கள், அது இயல்பு. காற்று நின்று அமைதியான பிறகுதான் "மிகவும் பயந்து" என்று வருகிறது. ஆபத்து போனபிறகு பயம் ஏன் கூடுகிறது? அன்று முழுக்க வேலைக்கு நடுவில் இது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை யாரும் எழுப்பாமல் நோட்டை எடுத்தேன்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டபோது தலையணையைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்கு 74 வயது, பைபிளை எத்தனை முறை முடித்தார் என்று அவருக்கே கணக்கில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அசந்து விழுந்து தூங்குதவருக்குத் தலகாணி எதுக்குட்டி? வேணும்னே படுத்திருக்காரு" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அது சரியான விளக்கமா இல்லையா என்று இறையியல் படித்தவர்கள் சொல்லட்டும். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அம்மாவிடம் முதல் கேள்வியின் பதிலை மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்ல ஆள் இருக்கிறது என்பதே பாதி பழக்கம்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. "யாருக்கு", "ராத்திரிக்குள்" என்ற இரண்டையும் விட்டுவிட்டால் மறுபடி "அதிகமாக ஜெபிக்க வேண்டும்" வந்துவிடும். லேவியராகமத்தைத் திட்டினேன் அல்லவா, என்னை வசமாகப் பிடித்ததும் அதுதான். 19-ம் அதிகாரம். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கு விடச் சொல்கிறது. ரூத் கதிர் பொறுக்கப் போனது இந்தச் சட்டத்தின் பேரில்தான் என்று அன்றுதான் இரண்டையும் முடிச்சுப் போட்டேன். காதுகேளாதவனைத் திட்டாதே, பார்வையில்லாதவன் முன்னால் தடுக்கல் வைக்காதே என்கிறது. அதற்கு முந்தின வசனம்: கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது.

அன்று தேதி 9. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நான் 5-ம் தேதியே சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். பணம் இல்லாமல் இல்லை, ஏடிஎம் போகச் சோம்பல், "நாளைக்குத் தரேன்க்கா" என்று நான்கு நாள் ஓட்டியிருந்தேன். அவர் கேட்கவும் இல்லை. நோட்டில் மூன்றாவது கேள்விக்கு நேராக அவர் பெயரை எழுதிவிட்டு, எழுதியதை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கொடுத்தபோது, "நல்ல வேளைம்மா, நாளைக்கு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்" என்றார். இப்போது ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி லேவியராகமம் நினைவுக்கு வருகிறது.

இனி நடைமுறை. அளவைக் குறையுங்கள். அதிகாரக் கணக்கு பைபிளோடு பிறந்தது இல்லை. அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர் போட்டவை. அதனால் அதிகாரத்தை முடித்தே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஒரு சம்பவம், ஒரு உவமை, ஒரு சங்கீதம், அது போதும். ஏழெட்டு வசனம் என்றால் கால் மணி நேரத்தில் கேள்விகளோடு முடியும். ஒரு வருடத்தில் முழு பைபிளையும் முடித்தே தீரவேண்டும் என்றால் அதைத் தனியாக, பேருந்தில் ஒலிவடிவில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வாய்விட்டு வாசியுங்கள். முதலாம் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல் ஹகா, முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31-ல் இரையின்மேல் உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். கண்ணை மூடி உட்காருவது அல்ல, மாடு அசைபோடுவதுபோல வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பது.

நேரம்? காலை ஐந்து மணி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. காலையில் முதல் டீ போட்டுக்கொண்டு உட்காருவேன், டீ டம்ளரும் நோட்டும் பக்கத்து பக்கத்தில். டீயை நான் மறக்க மாட்டேன், அதனால் நோட்டும் மறக்காது. 2010-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக ஆக நடுவாக 66 நாள் பிடிக்கிறதாம். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். (66 புத்தகம், 66 நாள், பிரசங்கிகள் யாரும் இதை இன்னும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.) நடுவில் ஒரு நாள் விட்டுப்போவது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் உண்டு. 143-ஐ இழந்து அழுத எனக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். தவறிய நாளின் பகுதியை மறுநாள் சேர்த்து வாசிக்கவும் வேண்டாம், கடன் ஏறிக்கொண்டே போகும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

பழைய மொழிபெயர்ப்பு நாக்கில் ஊறியது, நான் விட மாட்டேன். ஆனால் அர்த்தம் தட்டுப்படும் இடத்தில் 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பை ஒரு பார்வை பார்ப்பேன். பழகிய வசனமே புதிதாகக் கேட்கும். போனில் வாசிக்காமல் புத்தகத்தில் வாசிப்பது நல்லது. காரணம் வாட்ஸ்அப், வேறொன்றும் இல்லை.

தொடங்க மாற்கு. 16 அதிகாரம்தான், கதை வேகமாகப் போகும். அடுத்து ரூத், யோனா, நான்கு நான்கு அதிகாரம். யோனா ஒரு கேள்வியோடு முடிகிறது, பதிலே எழுதாமல், அதனால் நோட்டுக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். லேவியராகமத்தை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மற்றப் படகுகளை அம்மா இன்னும் விடவில்லை. போன வாரம்கூடப் போனில், "அதுல இருந்தவங்களுக்கும் காத்து நின்னுருக்கும்லா? யாரு நிறுத்துனதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாட்டி?" என்று கேட்டார். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதிலுக்கு விட்ட இடம் அப்படியே காலியாக இருக்கிறது.