9.6 வந்தால் 9.8 என்று எழுதலாமா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். தனி ஊசலை வைத்து g (புவியீர்ப்பு முடுக்கம்) கண்டுபிடிக்கும் சோதனையில் 40 செ.மீ. நீளத்துக்கு 9.5, 60-க்கு 9.6, 100-க்கு 9.7 என்று வருகிறது. சராசரி 9.6. ரெக்கார்டில் 9.8 வருகிற மாதிரி ரீடிங்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள் என்கிறார்கள் சீனியர்கள். செய்யலாமா?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் ரீடிங் அருமையான ரீடிங், அதில் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. கைப்பிழையாக இருந்தால் 9.9, 9.6, 9.7 என்று மேலும் கீழும் சிதறும். உங்களுக்கு நீளம் கூடக் கூட ஒழுங்காக ஏறுகிறது பாருங்கள், அப்படியென்றால் எல்லா நீளத்திலும் ஒரே அளவு ஏதோ விடுபட்டிருக்கிறது. நூலை மட்டும் அளந்துவிட்டு குண்டின் ஆரத்தைக் கூட்டாமல் விட்டிருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீளத்தைக் குண்டின் மையம் வரை எடுக்க வேண்டும். 1 செ.மீ. சேர்த்துப் போட்டுப் பாருங்கள், மூன்றுமே 9.74-லிருந்து 9.8-க்குள் வந்து உட்காரும். வெர்னியர் காலிப்பரை எடுத்து குண்டை அளந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம், நீளத்துக்கு எதிராக T² (T என்பது ஓர் அலைவுக்கு ஆகும் நேரம்) கிராஃப் போடுங்கள். விடுபட்ட அந்த 1 செ.மீ. கோட்டைத் தொடக்கப்புள்ளியிலிருந்து நகர்த்துமே தவிர சாய்வை மாற்றாது, அதனால் சாய்விலிருந்து எடுக்கிற g சரியாகவே வரும். ரீடிங்கை மாற்றி எழுதியிருந்தால் இது எதுவுமே கண்ணில் பட்டிருக்காது.

இன்னொன்று, 9.81-ஐக் கொண்டுவரவே வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். 1901-இல் தரப்படுத்திய 9.80665 என்பது ஏறத்தாழ 45 பாகை அட்சரேகைக்கு உரிய மதிப்பு. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், தமிழ்நாட்டில் உண்மையான மதிப்பே சுமார் 9.78தான்.

முடிவை 9.7835 என்று நான்கு தசமம் வரை எழுதுவதும் தப்பு. 60 செ.மீ. ஊசல் 20 அலைவுக்கு சுமார் 31 வினாடி எடுக்கும். ஸ்டாப் வாட்சை அழுத்துவதில் 0.2 வினாடி முன்பின் ஆவது சகஜம், அது காலத்தில் 0.6 சதவீதம், T² வருவதால் g-யில் 1.3 சதவீதம் ஆகிவிடும். ஆக 9.8 ± 0.1 என்று எழுதுவதுதான் நேர்மை. அலைவை எண்ணும்போது 'பூஜ்யம்' என்று தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் 19 அலைவை 20 என்று கணக்கில் போட்டு g 10.8 ஆகிவிடும்.

கேள்வி: கண்ணாடித் தட்டின் மேல் லென்சை வைத்து ஒளி வளையங்களை அளக்கும் நியூட்டன் வளையங்கள் சோதனையில் நடுவில் கறுப்புப் புள்ளிக்குப் பதில் வெளிச்சப் புள்ளி தெரிகிறது. ரீடிங்கும் தாறுமாறாக வருகிறது. ரெக்கார்டில் என்ன எழுதுவது?
– இரண்டாமாண்டு மாணவர், நாகர்கோவில்

பதில்: லென்சுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே தூசி இருக்கும், மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாவிட்டால் பயப்பட வேண்டாம். D²-க்கும் (D என்பது வளையத்தின் விட்டம்) வளைய எண்ணுக்கும் கிராஃப் போட்டால் தூசியின் தடிமன் கோட்டை மேலே கீழே தள்ளுமே ஒழிய சாய்வு அதே 4λR தான் (λ ஒளியின் அலைநீளம், R லென்சின் வளைவு ஆரம்). சோடியம் விளக்கின் 5893 ஆங்ஸ்ட்ராமைப் போட்டு R எடுத்துவிடலாம்.

தாறுமாறு வருவதற்கு வேறு காரணம் இருக்கலாம். மைக்ராஸ்கோப் ஸ்க்ரூவை முன்னும் பின்னும் திருப்பினீர்களா? இடது பக்க 20-ஆவது வளையத்தில் தொடங்கினால் வலது பக்க 20 வரை ஒரே திசையில்தான் போக வேண்டும். ஒரு வளையத்தைத் தாண்டிவிட்டோமே என்று கொஞ்சம் பின்னால் திருப்பினால்கூட ஸ்க்ரூவின் தளர்வு ரீடிங்கில் ஏறிவிடும், அப்போது முதலிலிருந்து எடுப்பதுதான் வழி. பழைய ரீடிங்கை அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'ஸ்க்ரூ பின்னால் திருப்பப்பட்டது' என்று எழுதிவிட்டுப் புது டேபிள் போடுங்கள். ரெக்கார்டின் செய்முறைப் பகுதியிலும் புத்தக வரிகளை அப்படியே இறக்காமல், நடுவில் வெளிச்சப் புள்ளி தெரிந்தது, துடைத்துப் பார்த்தோம், அதற்குப் பிறகு இன்னது ஆனது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைப் பற்றித்தான் கேட்பார்கள், உங்களிடம் பதில் தயாராக இருக்கும்.