நண்டுக்கு நோய் வராது, சங்கில் வரும்

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டில் 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு க்ளவுன் மீன், ஒரு டாங். தூத்துக்குடியிலிருந்து ஆறு துறவி நண்டும் (கடையில் ஹெர்மிட் கிராப் என்கிறார்கள்) நான்கு டர்போ நத்தையும் வாங்கப் போகிறேன். "நண்டுக்கு மீன் நோய் வராது, நேரே போடுங்க" என்கிறார் கடைக்காரர். மீனுக்கு வாங்கிய காப்பர் மருந்து மிச்சம் இருக்கிறது. அதில் நனைத்து எடுத்தால் போதுமா?

பதில்: கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீன் உடம்பில்தான் தின்று வளரும், நண்டை ஒன்றும் செய்யாது. ஆனால் தின்று முடித்ததும் மீனை விட்டு உதிர்ந்து, கெட்டியான எதிலாவது ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். அதற்குக் கல்லும் ஒன்றுதான், நண்டு சுமக்கும் சங்கும் ஒன்றுதான். கூடு வெடித்து வரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் தானாகச் செத்துவிடும். உங்களுக்கு வேண்டியது மருந்து இல்லை, மீன் இல்லாத ஒரு தொட்டியும் நாள் கணக்கும்தான்.

காப்பரை மறந்துவிடுங்கள். மீனுக்குக் கொடுக்கும் அளவே நண்டையும் நத்தையையும் கொன்றுவிடும். அந்த மருந்து பட்ட வலை, குழாய், பழைய தொட்டி எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. வீட்டுச் செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் வாளி போதும்.

எத்தனை நாள்? கூடுகள் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும். ஆய்வகத்தில் 72 நாள் வரை தாக்குப்பிடித்ததும் உண்டு. அதனால்தான் 76 நாள் என்ற கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் 27 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் 45 நாள் போதும் என்று பலர் வைக்கிறார்கள். திருநெல்வேலியில் தண்ணீர் குளிர்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை. ஆனால் டாங் வெள்ளைப்புள்ளிக்குச் சட்டென்று மாட்டும் மீன். உங்கள் இடத்தில் 76 நாளே என் சிபாரிசு. இருபதாம் நாள் இன்னொரு நத்தையை உள்ளே விட்டால், அன்றிலிருந்து மறுபடி நாள் ஒன்று.

40 லிட்டர் தொட்டி போதும். சுமார் 1.4 கிலோ உப்புக்கலவை கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு பார்க்கும் கருவி) 1.025 காட்டுகிறதா பாருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியின் சம்ப்பில் (தண்ணீர் வடிகட்டும் துணைத் தொட்டி) போட்டு ஊறவிட்டால் நுண்ணுயிர் பிடித்துவிடும், அம்மோனியா தொல்லை இருக்காது. எடுத்த பிறகு திரும்ப சம்ப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியை மீன் தொட்டிக்கு மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். ஈரக்கையோடு இங்கும் அங்கும் போகக் கூடாது.

இங்கே உண்மையான எதிரி வெயில். சித்திரை, வைகாசியில் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறும். மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீரும் வற்றும். உப்பு ஆவியாகாது. 40 லிட்டரில் மூன்று லிட்டர் வற்றினால் ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பு 38ஐத் தொடும். கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள், உப்புத் தண்ணீர் அல்ல. அந்த அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள். அதிலுள்ள பைரித்ராய்டு நண்டு இனத்துக்கு நஞ்சு.

வாங்கி வந்ததும் சொட்டுக் குழாய் வைத்து, தொட்டித் தண்ணீரைப் பை தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு மணி நேரம் பழக்குங்கள், விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டு. உப்பு மாற்றம் நத்தையைத்தான் முதலில் சாய்க்கும். பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சங்கைப் புதுப் பல்துலக்கியால், கடல்நீரிலேயே தேய்த்தால் பாசியும் சில்லறை ஒட்டுயிர்களும் போகும். கூடு போய்விட்டது என்று மட்டும் நம்ப வேண்டாம், நாள் குறையாது. நல்ல தண்ணீரில் முக்குவது கொலை.

நத்தையையும் நண்டையும் ஒன்றாக விட்டால், சங்குக்காகவே நண்டு நத்தையைக் கொல்லும். துளையிட்ட பிளாஸ்டிக் தட்டி போட்டுப் பிரியுங்கள். நண்டு ஒன்றுக்கு இரண்டு மூன்று காலிச் சங்காவது, கொஞ்சம் பெரியதும் சிறியதுமாக, கொதிநீரில் வேகவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளில் சங்கு பொறுக்கக் கூடாது என்பது நினைவிருக்கட்டும். கடற்கரை மணலில் ராத்திரி சங்கோடு ஊர்வதைப் பிடித்து வராதீர்கள். அது தரைவாழ் இனம், தண்ணீருக்குள் விட்டால் மூச்சு முட்டிச் சாகும்.

தொட்டியில் பாசி இருக்காது என்பதால் நத்தைக்கு நோரியை (காய்ந்த கடல்பாசித் தாள்) கல்லில் ரப்பர் போட்டுக் கட்டுங்கள். நண்டுக்கு துவரம்பருப்பு அளவு இறால், இரண்டு நாளைக்கு ஒருமுறை. மிச்சத்தை ராத்திரியே எடுத்துவிடுங்கள்.

ஒருநாள் காலை நண்டு செத்துக் கிடப்பது போல் தெரியும். அவசரப்படாதீர்கள். எடுத்துப் பார்த்தால் லேசாக, உள்ளே வெறுமையாக, வாடை இல்லாமல் இருந்தால் அது கழற்றிப் போட்ட தோல்தான். கண்ணின் மேல்தோல்கூட அப்படியே இருக்கும். அதை அங்கேயே விடுங்கள், நண்டே தின்னும். சதை இருந்து நாறினால் மட்டும் எடுத்து எறிந்து, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

76ஆம் நாள் பெரிய தொட்டியோடு உப்பளவை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மறுபடி சொட்டு வையுங்கள். நத்தையை மணலில் மல்லாக்கப் போடாதீர்கள். டர்போ பல நேரம் திரும்பி எழ முடியாமல் அப்படியே கிடந்து செத்துப்போகும்.