ஸ்கீ பூட்ஸுக்குள் தனி ஃபுட்பெட்: காசு கொடுக்குமுன் ஷெல்லை அளந்து பாருங்கள்

கேள்வி: சுவிஸில், பேர்ண் நகரில் இருக்கிறேன். வயது 43. மூன்று வருடங்கள் வாடகைப் பூட்ஸோடு ஓட்டிவிட்டு, போன பருவத்தில் சொந்தமாக 27.5 அளவில், 102 மி.மீ. அகலத்தில் ஒன்று வாங்கினேன். சுவரில் குதிகால் முட்ட நின்று அளந்தால் என் பாதம் 26.2 செ.மீ. காலை பத்தரைக்குள் உள்ளங்கால் குறண்டிப் பிடிக்கிறது. உள்பக்கக் கணுக்கால் எலும்பு சிவந்துபோகிறது. ஸ்கீயைத் திருப்பும்போது குதிகால் மேலே கிளம்புகிறது. பாதத்துக்கு அச்செடுத்து ஃபுட்பெட், அதாவது உள்ளங்காலைத் தாங்கும் தனி இன்சோல், போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறது கடை. ஓடும் சப்பாத்துக்கு ஏற்கெனவே செய்த இன்சோல் என்னிடம் இருக்கிறது. அதை வைத்தால் போதாதா?

பதில்: போதாது. அதற்காக அச்செடுத்த ஃபுட்பெட்டுக்கும் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். 26.2, 27.5 என்று நீங்கள் எழுதிய இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

ஸ்கீ பூட்ஸின் மொண்டோபொயின்ற் அளவு வேறொன்றும் இல்லை, பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொல்வதுதான். பெரும்பாலான தயாரிப்புகளில் 26.0, 26.5 இரண்டுக்கும் ஒரே ஷெல், அதாவது ஒரே பிளாஸ்ரிக் வெளிக்கூடு. 27.0, 27.5 இரண்டுக்கும் அடுத்த ஷெல். அரை அளவு வித்தியாசமெல்லாம் உள்ளே கிடக்கும் இன்சோலின் தடிப்போடு முடிந்துவிடும். உங்கள் காலுக்கு உரியது 26 ஷெல். போட்டிருப்பது ஒரு ஷெல், அதாவது ஏறத்தாழ 10 மி.மீ. பெரியது. அகலமும் அப்படித்தான்: பெட்டியில் போட்டிருக்கும் 102 என்பது 26.5 அளவுப் பூட்ஸில் முன்பாதத்தின் அகலம். 27.5-இல் அது இன்னும் கூடும்.

இன்று இரவே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். லைனரை, அதாவது மெத்தென்ற உள்சப்பாத்தை, வெளியே இழுத்துவிட்டு வெறுங்காலை ஷெல்லுக்குள் வையுங்கள். நீண்ட விரல் முன்சுவரை மெதுவாகத் தொடட்டும், முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கள். குதிகாலுக்கும் பின்சுவருக்கும் இடையில் எவ்வளவு இடம் என்று வீட்டில் ஒருவரைக் கைவிளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 15 முதல் 20 மி.மீ. வரை இருந்தால் பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்குச் சரி. 25-ஐத் தாண்டினால் அந்தப் பூட்ஸை எந்த ஃபுட்பெட்டும் காப்பாற்றாது. உங்கள் அளவுகளைப் பார்த்தால் 25-க்கும் 30-க்கும் இடையில் வரும் என்றே படுகிறது.

இந்தப் பிழை மிகச் சாதாரணம். கடையில் நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி லைனரில் முட்டும், உடனே "சின்னன்" என்று கழற்றி அடுத்த அளவைக் கேட்போம். பக்கிளைப் பூட்டி முழங்காலை முன்னே தள்ளினால்தான் குதிகால் பின்னே போய் அமரும், விரல் முட்டுவது உரசலாகக் குறையும். அதுவரை யாரும் பொறுப்பதில்லை.

உங்கள் உள்ளங்கால் குறண்டுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பெரிய பூட்ஸுக்குள் நிலைகொள்ளாத பாதம், விரல்களை மடக்கித் தரையைப் பிடிக்கப் பார்க்கும். நாள் முழுக்க அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளங்காலின் சிறு தசைகள் களைத்து இறுகும். நீங்களோ தளர்வைச் சரிக்கட்ட பக்கிளை இன்னும் ஒரு பல் இறுக்குவீர்கள். இறுக்கம் விழுவது புறங்காலில். அங்கே ஓடும் இரத்தக் குழாயும் நரம்பும் நசுங்கி விரல்கள் விறைக்கும். "உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல் இல்லை, அதுதான் குறண்டுது" என்று கடையில் சொல்வது பாதி உண்மைதான்.

மற்றப் பாதிக்குத்தான் ஃபுட்பெட். பூட்ஸோடு வரும் இன்சோலை வெளியே எடுத்துப் பாருங்கள்: இரண்டு விரலால் மடித்துவிடக்கூடிய மெல்லிய பஞ்சுத் துண்டு. அது இடத்தை நிரப்பும், வேறொன்றும் செய்யாது. எடை ஏறியதும் வளைவு தாழ்கிறது, பாதம் நீள்கிறது, அகல்கிறது, கணுக்கால் உள்பக்கம் சரிகிறது. சரிந்த எலும்பு போய்ப் பிளாஸ்ரிக்கில் உரசும். உங்கள் சிவப்பு அங்கிருந்துதான் வருகிறது. நல்ல ஃபுட்பெட் குதிகாலைக் கிண்ணம்போலச் சுற்றிப் பிடித்து, வளைவை அதன் இயல்பான உயரத்தில் தாங்கி, இந்தச் சரிவை மட்டுப்படுத்தும். வளைவை மேலே தூக்குவது அதன் வேலை இல்லை. அசைவை முழுதாக நிறுத்துவதும் இல்லை: ஸ்கீயின் உள்விளிம்பைப் பனியில் பதிக்கப் பாதம் சற்றே உள்ளே சாயவேண்டும். அதற்கு இடம் விடாத கல்லுப்போன்ற ஃபுட்பெட், காலை நோகடித்து ஸ்கீயையும் மந்தமாக்கும்.

உங்கள் பாதம் எவ்வளவு தாழ்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். கதிரையில் இருந்து, பாதத்தைத் தரையில் எடை போடாமல் வையுங்கள். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குக் கீழே, கொஞ்சம் முன்னால், புடைத்துத் தெரியும் நாவிக்குலர் எலும்பில் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒரு மட்டையைப் பக்கத்தில் நிறுத்தி அந்த உயரத்தைக் குறியுங்கள். எழுந்து இரு காலிலும் எடை போட்டு நின்று மறுபடி குறியுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் என்றால் பாதம் அதிகமாகத் தாழ்கிறது, அச்செடுத்த ஃபுட்பெட்டின் பலன் நன்றாகத் தெரியும். 4, 5 மி.மீ. என்றால் கடையில் விற்கும், வெட்டிப் பொருத்தும் ரகமே பெரும்பாலும் போதும்.

இனி உங்கள் ஓட்டச் சப்பாத்து இன்சோல். அதன் குதிகால் பகுதி அகலம். ஸ்கீ லைனரின் குதிகால் குழியோ ஒடுக்கம். திணித்து வைத்தால் ஓரங்கள் சுவரில் ஏறி மடியும், அந்த மடிப்பு பாதத்தின் பக்கவாட்டில் கோடாகப் பதியும். அதைவிடக் கெட்டது தடிப்பு. குதிகாலுக்குக் கீழே 4, 5 மி.மீ. கூடினால், கணுக்கால் எலும்பு லைனரில் தனக்கென்று விட்டிருக்கும் குழியிலிருந்து மேலேறிவிடும். இன்சோல் வைத்த அன்றே புதிதாக ஓரிடம் நோகத் தொடங்குவது இதனால்தான். புறங்காலும் மேலே போய் முட்டும். முக்கால் நீளத்தில் செய்த மருத்துவ இன்சோல் என்றால், அது முடியும் விளிம்பு முன்பாதத்தின் கீழே படிபோல உறுத்தும்.

அச்செடுப்பதென்று முடிவானால் என்ன நடக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். முதலில் உங்களை வெறுங்காலில் நிற்கவைத்து, நடக்கவைத்துப் பார்க்கவேண்டும். கணுக்கால் எவ்வளவு மடிகிறது என்றும் பார்க்கவேண்டும். வீட்டுச் சோதனை: பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முடியவில்லை என்றால் உங்கள் குதிகால் எழும்புவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்கீ பூட்ஸ் உங்களை முன்னே சாய்த்தே வைத்திருக்கிறது. மடியாத கணுக்கால் குதிகாலைத் தூக்கித்தான் அந்தச் சாய்வுக்கு வரும். அதற்கு மருந்து 3 முதல் 6 மி.மீ. வரையான ஆப்பு. அதை வைக்கவேண்டியது லைனருக்கு அடியில், பூட்போர்ட் எனப்படும் அடித்தட்டின் மேல். ஃபுட்பெட்டுக்குள் அல்ல.

அதன்பிறகு இன்னும் வடிவம் எடுக்காத ஃபுட்பெட் தகட்டைச் சூடாக்கி, காலை அதில் பதித்து, ஆறும்வரை பிடித்திருப்பார்கள். எடையோடு நிற்கவைத்து எடுக்கும் முறையும் உண்டு, காலைத் தொங்கவிட்டு எடுக்கும் முறையும் உண்டு, பாதி எடையோடும் உண்டு. எது சிறந்தது என்று கடைக்காரர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. எங்கள் பார்வையில், பதிக்கும் கணத்தில் குதிகால் நேராக இருக்கிறதா, முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக வருகிறதா என்று ஒருவர் குனிந்து பார்த்துக் கையால் திருத்துகிறாரா என்பதே முறையைவிட முக்கியம். சரிந்த காலை அப்படியே நிற்கவைத்து அச்செடுத்தால், சரிவுக்கே ஒரு நகல் கிடைக்கும்.

ஆறியதும் அடிப்பக்கத்தைச் சாணைபிடித்துச் சமதளமாக்குவார்கள். கையில் வாங்கி மேசையில் வைத்து, குதிகால் பக்கமும் முன்பக்கமும் மாறிமாறி அழுத்திப் பாருங்கள். ஆடக்கூடாது. பழைய இன்சோலின் மேல் வைத்து ஓரம் ஒத்துப்போகிறதா பாருங்கள். குதிகாலின் நடுவில் தடிப்பு பழையதை ஒட்டியே இருக்கவேண்டும். பிறகு லைனர் இல்லாமல், வெறும் ஷெல்லுக்குள் ஃபுட்பெட்டை வைத்து அதன்மேல் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த எலும்பு பிளாஸ்ரிக்கைத் தொடுகிறது என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

வரிசை மாறக்கூடாது. ஷெல் அளவு, அதன்பின் ஃபுட்பெட், அதன்பின் லைனரைச் சூடாக்கி வார்ப்பது, கடைசியாக ஷெல்லை ஓரிடத்தில் தள்ளி விரிப்பது. ஃபுட்பெட் போட்டதும் கால் நிற்கும் இடமே மாறிவிடும்; முன்னரே கணுக்காலுக்காக ஷெல்லை விரித்திருந்தால் அந்தக் குழி இப்போது தவறான இடத்தில் இருக்கும். ஸ்கீ தட்டையாக நிற்கிறதா என்று பார்த்துப் பூட்ஸின் பக்கவாட்டுச் சாய்வைத் திருத்தும் வேலையும் ஃபுட்பெட்டுக்குப் பிறகுதான். அந்தச் சாய்வை ஃபுட்பெட்டின் அடியில் ஆப்பு வைத்துக் கொண்டுவரப் பார்ப்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டி, விழும்போது விடுவிக்கும் பைண்டிங் பற்றிப் பயம் வேண்டாம்: விடுபடும் அளவைத் தீர்மானிப்பது எடை, உயரம், வயது, ஓட்டும் விதம், பூட்ஸின் அடி நீளம். ஃபுட்பெட் இவற்றில் எதையும் தொடுவதில்லை. ஷெல்லையே மாற்றினால் மட்டும் கட்டாயம் திரும்பச் சரிபார்க்கவேண்டும்.

போட்டபின் ஏதும் பிழை வந்தால் அறிகுறியே இடத்தைச் சொல்லிவிடும். புறங்கால் விறைத்தால் உயரம் கூடிவிட்டது. ஃபுட்பெட்டை மெல்லியதாக்கலாம், அல்லது பூட்போர்ட்டை 1 முதல் 3 மி.மீ. சீவலாம். பாதத்தின் வெளி ஓரம் எரிந்து, உள்விளிம்பு பிடிக்கமாட்டேன் என்றால் வளைவை அளவுக்கு மேல் தூக்கியிருக்கிறார்கள். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையில் மின்சாரம் அடித்ததுபோல் இருந்தால் நரம்பு நசுங்குகிறது. முன்பாத எலும்புத் தலைகளுக்குக் கீழே அல்ல, அவற்றுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு மெத்தை ஒட்டிப் பார்க்கலாம். வளைவின் கீழே ஏதோ இருக்கிறது என்ற மங்கலான உணர்வு முதல் ஓரிரு நாளில் மறையும். கூரான நோ பழக்கத்தால் மறையாது, திருப்பிக் கொண்டுபோங்கள். திருத்தங்கள் விலைக்குள் அடக்கமா என்பதைக் காசு கொடுக்குமுன் கேட்பது நல்லது. மலைக்குப் போகுமுன் வீட்டில் இரண்டு மூன்று மாலைகள், அரைமணி நேரம், மெல்லிய ஸ்கீ காலுறை ஒன்றோடு மட்டும் போட்டு நில்லுங்கள். பருத்திக் காலுறை வேண்டாம், உள்காற்சட்டையின் நுனியும் பூட்ஸுக்குள் போகக்கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், இதையெல்லாம் தொடங்குமுன் மருத்துவரிடம் காலைக் காட்டவேண்டும். இறுக்கத்தை உணராத காலில், புண் வந்தபிறகுதான் தெரியவரும். ஸ்கீலாகருக்கு, அதாவது ஸ்கீ முகாமுக்கு, போகும் பிள்ளைகளுக்கு அச்செடுப்பது வீண்செலவு. அடுத்த பருவத்துக்குள் கால் வளர்ந்துவிடும்.

உங்கள் விடயத்தில் நாங்கள் செய்வது: ஷெல் இடைவெளி 25 மி.மீ.க்கு மேல் என்றால், இருக்கும் பூட்ஸை விற்றுவிட்டு 26 ஷெல்லில், 100 மி.மீ. அகலத்திலும் 102-இலும் போட்டுப் பார்த்து, ஃபுட்பெட்டை அதற்குள் செய்வது. அந்தச் செலவு இந்தப் பருவத்தில் முடியாது என்றால் இப்போதே ஃபுட்பெட் செய்துகொண்டு, பிறகு சின்னப் பூட்ஸுக்கு மாற்றலாம். வளைவின் இடம் உங்கள் பாதத்திலிருந்து வந்தது, பூட்ஸிலிருந்து அல்ல. விரல்பக்கத்தையும் ஓரங்களையும் சீவினால் போதும். கணுக்கால் உரசல் குறையும். குதிகால் எழும்புவது மட்டும் பெரிய ஷெல் இருக்கும்வரை முழுதாக நிற்காது.

ஒவ்வொரு நாள் மாலையும் ஃபுட்பெட்டை வெளியே எடுத்துக் காயவிடுங்கள், ஆனால் ஹீற்றரின் மேல் வைக்காதீர்கள். சூட்டில் வடிவம் எடுத்தது சூட்டிலேயே வடிவம் இழக்கும்.